ஓய்வகத்தின் விரிவாக்கம்

பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்த மனிதருக்கு உலகத்தைப் பற்றி ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருக்க முடியும். காசு கொடுத்தால் டிக்கெட், டிக்கெட் இருந்தால் இடம். இதற்குள் அடங்காத சங்கதி எதுவும் பூமியில் கிடையாது என்று கண்டக்டர் ஓய்வு பெறும் வரைக்கும் நம்பினார். ஓய்வு பெற்ற பிறகும் நம்பினார். மனைவியோடு விமான நிலையத்துக்குள் காலெடுத்து வைத்த அன்றைக்குத்தான் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது.

மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலமெல்லாம் தையல் மெஷின் மேல் குனிந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்த முதுகு அது. ஒருநாள் இனி நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரிசெய்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"இவங்க நிக்கலாம், நடக்கலாம், படுக்கலாம். உட்கார்றதுதான் ஆகாது. ப்ளேன்ல கொஞ்ச நேரம்தானே, பல்லைக் கடிச்சுக்குவாங்க. ஆனா ஏர்போர்ட்ல மணிக்கணக்கா உட்கார வச்சுடாதீங்க. தையல் விட்டுச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

தையல்காரிக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வெலவெலத்துப் போனாள்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த பையன், இவர்களை வாசல் எண் பார்த்து இறக்கிவிட்டு, நாற்காலியை வேறு யாருக்கோ எடுத்துக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேன் குழைத்துப் பேசியது. இவர்கள் ஏற வேண்டிய விமானம், அது எங்கிருந்து வரவேண்டுமோ அங்கிருந்தே இன்னும் கிளம்பவில்லையாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். வருந்துகிறவர்கள் படுக்க ஓர் இடம் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த நாற்காலிகள் எல்லாம், யாரும் தப்பித்தவறிக் கூடப் படுத்துவிடக் கூடாது என்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரும்புக் கை வைத்துச் செய்தவை. இதற்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். அவருக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

கண்டக்டர் மச்சினனுக்குப் போன் போட்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவன்தான்.

"மாமா, இதுக்குப் போய் ஏன் கவலைப்படறீங்க? லவுஞ்ச் இருக்கும் பாருங்க. சாய்ஞ்சா படுக்கை ஆகிற நாற்காலி போட்டிருப்பான். அக்காவை அங்கே படுக்க வைங்க. சாப்பாடெல்லாம் இலவசம்."

"இலவசமா? யாருக்கு?"

"எல்லாருக்கும்தான் மாமா," என்றான் மச்சினன். அவன் பாக்கெட்டில் நாலு கார்டு வைத்திருப்பவன். அவனுக்கு எல்லாரும் என்றால் அவனைப் போன்ற எல்லாரும்.

'உயர்நிலைப் பயணியர் ஓய்வகம்' என்ற பலகைக்குக் கீழே கண்ணாடிக் கதவு. கதவுக்கு முன்னால் ரேஷன் கடைக்குச் சவால் விடும் ஒரு வரிசை. கோட்டு போட்டவர்கள், குதிகால் உயர்ந்த செருப்புக்காரிகள், குழந்தையைத் தோளில் சாய்த்தவர்கள் எல்லாரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஓய்வெடுக்கத் தகுதி பெற்றவர்கள் மட்டும்தான் அங்கே இப்படி நிற்கலாம் என்பது கண்டக்டருக்கு அப்போது தெரியாது. மனைவியைச் சுவரோரம் சாய்ந்து நிற்கச் சொல்லிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். நகர்ந்து நகர்ந்து மேஜைக்கு வந்தபோது அவளுடைய மேல் உதட்டில் வியர்வை கோத்திருந்தது.

மேஜையில் இருந்த வரவேற்புப் பெண் பல் தெரியாமல் சிரித்தாள். "கார்டு ப்ளீஸ்."

கண்டக்டர் பழக்க தோஷத்தில் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்து நீட்டினார். "ஒரு ஆள் போதும்மா. எனக்கு வேண்டாம். இவ மட்டும் கொஞ்ச நேரம் படுக்கணும். எவ்வளவுன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் நோட்டைப் பார்த்த பார்வையில், அது மேஜை மேல் ஊர்ந்து வந்தது போல இருந்தது. "நாங்க பணம் வாங்கறதில்லை சார். இது இலவசம்."

"அப்ப ரொம்ப நல்லது," என்று நோட்டைத் திரும்பப் பையில் வைத்தார் கண்டக்டர். "வாம்மா, உள்ளே போ."

"சார், சார்! இலவசம் வாங்கத் தகுதி வேணும். கார்டு காட்டணும்."

கண்டக்டர் பென்ஷன் எடுக்கிற கார்டைக் காட்டினார். பெண் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது உங்க பணத்தை நீங்க எடுக்கிற கார்டு சார். எங்களுக்கு வேண்டியது பேங்க் பணத்தை நீங்க எடுக்கிற கார்டு. கிரெடிட் கார்டு."

"என் பணத்தை எடுத்தா என்னம்மா தப்பு?"

"தப்பு இல்லை சார். கௌரவம் இல்லை." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதில் உண்மையான இரக்கம் இருந்தது. "அதோ அந்த மூலையில கார்டு தர்ற கவுண்டர் இருக்கு. ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அந்த மூலையில் நின்ற கழுத்துப்பட்டைக்காரனைக் கண்டக்டருக்கு ஏற்கெனவே தெரியும். உள்ளே நுழைந்ததிலிருந்து "சார், கார்டு சார், வாழ்நாள் இலவசம் சார்" என்று பின்னாலேயே வந்து பிராணனை எடுத்தவன் அவன்தான். இப்போது தேடிக்கொண்டு போய் நின்றதும் அவன் முகம் பூரித்துப் போனது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"இப்ப என்ன கடன் சார் கட்டிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லை," என்றார் கண்டக்டர். சொல்லும்போது மார்பு கொஞ்சம் விரிந்தது.

"முன்னால வாங்கினது?"

"வாங்கினதே இல்லை."

"வீட்டுக் கடன்?"

"சேர்த்து வச்சுக் கட்டினேன். ஓட்டு வீடுதான்."

"பைக்?"

"பஸ்ல போவேன்."

அவன் விரல்கள் நின்றுவிட்டன. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்கிற குரலில் கேட்டான். "ஒரு மிக்ஸி, டிவி, ஏதாவது தவணையில? ஞாபகப்படுத்திப் பாருங்க சார். தவணை கட்டாம விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை."

"வாங்கினாத்தானேப்பா கட்டாம விடறதுக்கு?"

"கஷ்டம் சார்," என்று அவன் கம்ப்யூட்டரை மூடினான். "உங்களைப் பத்தி எங்ககிட்ட ஒரு தகவலும் இல்லை. கடனை வாங்கிட்டு ஓடிப்போனவனைப் பத்திக்கூட எங்களுக்குத் தெரியும், ஓடிப்போனான்னு. உங்களை எதை வச்சு சார் நம்பறது?"

"எவன்கிட்டேயும் கை நீட்டாதவன்யா நான்!"

"அதான் சார் பயமா இருக்கு." அவன் மேஜையைச் சுற்றி வந்து ஆதரவாகக் கையைப் பிடித்துக்கொண்டான். "மனசைத் தளர விடாதீங்க. ஊருக்குப் போய் ஏதாவது ஒரு கடன் வாங்குங்க. ரெண்டு தவணை ஒழுங்கா கட்டுங்க, ஒரு தவணையைக் கொஞ்சம் இழுத்தடிங்க. மனுஷன் சாதாரணமானவர்தான்னு எங்களுக்கும் ஒரு தைரியம் வரும். அப்புறம் நானே வீடு தேடி வந்து கொடுக்கிறேன்."

கண்டக்டருக்குக் காது மடல் சுட்டது. திரும்பி வந்தபோது மனைவி சுவரில் ஒரு கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகுது," என்றாள். அவள் சாதாரணமாக வலி என்று சொல்லுகிற ரகம் இல்லை. ஊசி விரலில் ஏறினாலும் துணியில் ரத்தம் படக் கூடாதே என்று கவலைப்படுகிறவள்.

கண்டக்டர் மறுபடி மேஜைக்கு ஓடினார். வரவேற்புப் பெண் யோசித்து, விதியில் ஒரு சந்து இருப்பதாகச் சொன்னாள். விமான நிலைய டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தால் கார்டு இல்லாமலே உள்ளே விடலாம். மருத்துவ அறை கீழே, எஸ்கலேட்டர் பக்கத்தில். மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கண்டக்டருக்கே முதுகு பிடித்துக்கொண்டது.

மருத்துவ அறையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில் ஒன்று காலியாக இருந்தது. மனைவியின் கண் அதை விட்டு நகரவில்லை. டாக்டர் நல்ல மாதிரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப வலியாம்மா?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப நீங்க விமானத்துல ஏற முடியாது. வலியோட இருக்கிற பயணியை ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு."

அவள் பதறிப்போனாள். "அய்யோ, இல்லைங்க. வலி இல்லை."

"ரொம்ப சந்தோஷம். வலி இல்லாதவங்களுக்கு ஓய்வு தேவைன்னு நான் சீட்டு எழுத முடியாதே."

மனைவி கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர் கட்டிலைப் பார்த்தார். "நடுத்தரமா வலிக்குதுன்னு போட்டுக்குங்களேன்," என்றாள் மெல்ல.

"நடுத்தரத்துக்கு என்கிட்ட முத்திரை இல்லம்மா. ரெண்டே முத்திரைதான்."

"சீட்டே வேண்டாங்க," என்றார் கண்டக்டர். "அந்தக் கட்டில் சும்மாதானே கிடக்கு? ப்ளேன் வர்ற வரைக்கும் படுத்துட்டு எழுந்து போயிடறா."

"கட்டில்ல படுத்தா அவங்க நோயாளி ஆயிடுவாங்க. நோயாளியை நான் வெளியே விட முடியாது, ஆம்புலன்ஸ்லதான் அனுப்பணும். அதனாலதான் சார் நான் வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து அதுல யாரையும் படுக்க விட்டதே இல்லை. பாருங்க, விரிப்பு எவ்வளவு சுத்தமா இருக்கு!" டாக்டர் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார்.

திரும்ப மேலே வந்தபோது இன்னும் மூன்று விமானங்கள் தாமதமாகியிருந்தன. ஓய்வகத்து வரிசை தூணைச் சுற்றி வளைந்து கழிப்பறை வரைக்கும் போயிருந்தது. மனைவியால் அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. கண்டக்டர் அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஓய்வகத்துக் கண்ணாடிச் சுவரை ஒட்டித் தரையில் அவளுடைய போர்வையை விரித்தார். வரிசையில் நின்ற கோட்டுக்காரர் ஒருவர் தாமாக வந்து மறுபக்கம் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக, கண்ணாடிச் சாமானை இறக்குவது போல அவளை மெதுவாக இறக்கிப் படுக்க வைத்தார்கள். முதுகு தரையில் பட்டதும் அவள் வாயிலிருந்து "அப்பாடா" என்று ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து கண்டக்டர் காத்திருந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த "அப்பாடா" வரிசையில் இருந்தவர்களைக் கெடுத்துவிட்டது. கோட்டுக்காரர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு பக்கத்துத் தூணோரம் நீட்டிப் படுத்துவிட்டார். அப்புறம் ஒரு குழந்தைக்காரி. அப்புறம் குதிகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பெண்கள். கொஞ்ச நேரத்தில் வரிசையே படுத்துவிட்டது. மின்னும் கார்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நகரத்தின் உயர்நிலைப் பயணியர் தரையில் கால் நீட்டிக் கிடந்தார்கள். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஒருவர் குறட்டை கூட விட்டார்.

மாத்திரை போடும் வேளை நெருங்கியது. கண்டக்டர் தண்ணீர் பிடிக்கப் போனார். குழாய் தூரத்தில் இருந்தது. அவர் பாட்டிலோடு திரும்பி வருவதற்குள் உலகம் மாறியிருந்தது.

ஓய்வகத்தின் மேலாளர் வெளியே வந்திருந்தார். தம்முடைய வாடிக்கையாளர்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடப்பதைக் கண்டு முதலில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். அடுத்த நிமிஷமே மூளை வேலை செய்திருக்கிறது. பளபளக்கிற பித்தளைக் கம்பங்களைக் கொண்டுவரச் சொல்லி, சிவப்பு மெத்துக் கயிறு கட்டி, படுத்துக் கிடந்தவர்களைச் சுற்றி வளைத்துவிட்டார். 'ஓய்வகம் (விரிவாக்கம்)' என்று பலகை தொங்கியது. ஒருவன் தட்டில் சூப் எடுத்துக்கொண்டு தரைமார்க்கமாகப் பரிமாறிப் போனான். வரவேற்புப் பெண் கையடக்க இயந்திரத்தோடு குனிந்து குனிந்து ஒவ்வொருவர் கார்டாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு உள்ளே, நட்ட நடுவே, கண்டக்டரின் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் கயிற்றருகே போனார். மேலாளர் கையை நீட்டி மறித்தார்.

"கார்டு?"

"அங்கே படுத்திருக்கிறது என் சம்சாரம். மாத்திரை கொடுக்கணும்."

"வெளியிலேருந்து சாப்பிடற பொருள் உள்ளே வரக் கூடாது சார்."

"மாத்திரைய்யா இது!"

"சாப்பிடறதுதானே?" என்றார் மேலாளர், குதர்க்கம் எதுவும் இல்லாமல். பிறகு அவருக்கே உறைத்தது. "அவங்களுக்குக் கார்டு இருக்கா?"

"இல்லை."

மேலாளர் வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டார். கார்டு இல்லாத அந்த அம்மாளை உடனே வெளியேற்றச் சொன்னார். பெண் இயந்திரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். "சார், வெளியேற்றம் பதியணும்னா நுழைவு பதிஞ்சிருக்கணும். இவங்க நுழையவே இல்லை. நாமதான் சுத்திக் கயிறு கட்டினோம்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நுழையாதவரை வெளியேற்றினால் தலை எண்ணிக்கை உதைக்கும். எண்ணிக்கை உதைத்தால் விசாரணை வரும். ஆக, விசாரணைக்குப் பயந்து அவளை அங்கேயே விட்டுவைப்பதென்று முடிவானது. ஒரு நிர்வாகம் தன்னை அறியாமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கண்டக்டர் கயிற்றுக்கு வெளியே நின்றார். கோட்டுக்காரர் தலையைத் தூக்கி, "விடுங்க சார், நல்லாத் தூங்கறாங்க. எழுந்ததும் கொடுத்துக்கலாம்," என்று சைகை காட்டினார். மேலாளருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. நீங்க இங்கே நிக்கிறதும் ஒரு சேவைதான். கண்ணாடிக் கதவு எதுக்குப் போட்டிருக்கோம்? உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியே நிக்கிறவங்க தெரியணும். யாருமே வெளியே நிக்கலேன்னா உள்ளே இருக்கிறதுல என்ன சார் சுகம்? நாற்காலி எல்லா இடத்துலேயும் இருக்கு. சூப் எல்லா இடத்துலேயும் கிடைக்கும். எங்க உண்மையான சரக்கு நீங்கதான்."

"நானா?"

"நீங்க ஒருத்தர்னு இல்லை. பொதுவா."

கூட்ட நெரிசலில் பஸ் படியில் தொங்கியவர்களைக் கூடக் கண்டக்டர் இப்படிச் சரக்கு என்று நினைத்ததில்லை. வாய் வரைக்கும் ஒரு வசவு வந்தது. அவளுடைய நல்ல தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதே என்று அதை விழுங்கிக்கொண்டார்.

ஒருவழியாக விமானம் வந்து சேர்ந்தது. தேன்குரல் இவர்களுடைய விமானத்தைச் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பவும் கூப்பிட்டது. கடைசி அழைப்பு என்றும் சொல்லிவிட்டது. மனைவி கண் விழித்தாள். கோட்டுக்காரரும் குழந்தைக்காரியும் இரு பக்கமும் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. மெல்ல நடந்து கயிற்றருகே வந்து நின்றாள். குனிந்து கயிற்றுக்குக் கீழே வரவும் முடியாது, தாண்டிக் காலை வைக்கவும் முடியாது.

"கயித்தைக் கொஞ்சம் திறங்க," என்றார் கண்டக்டர்.

"அதுதான் சார் சிக்கல்," என்றார் மேலாளர். "அவங்க உள்ளே வந்ததா பதிவு இல்லை. உள்ளே வராதவங்களை எப்படி வெளியே விடறது?"

"உள்ளே வரலேன்னா வெளியேதான்யா இருக்கா!"

"கணக்குப்படி வெளியேதான். ஆனா கயித்துப்படி உள்ளே. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேக்கறேன். நாலஞ்சு நாள்ல பதில் வந்துடும். அதுவரைக்கும் சூப் கொடுக்கச் சொல்றேன், இலவசம்தான்."

"ப்ளேன் போயிடும்!"

"அது விமானக் கம்பெனி விவகாரம் சார். நாங்க ஓய்வு மட்டும்தான் பாக்கறோம்."

கண்டக்டருக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து கெஞ்சியதும், ஓடியதும், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஒன்றாகத் திரண்டு வந்தன. இந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று கை துடித்தது. துடித்த கை கயிற்றைப் பிடித்தது. கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி இருந்தது. ரவிக்கைக்குத் தைப்பார்களே, அந்த மாதிரிச் சாதாரணக் கொக்கிதான், அளவில் மட்டும் பெரிது. பூட்டு இல்லை, சாவி இல்லை. லேசாகத் தூக்கியதும் கழன்று கையோடு வந்துவிட்டது. இதற்கா இத்தனை நேரம் என்று கண்டக்டருக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இதைக் கொஞ்சம் பிடிங்க," என்று கயிற்று நுனியை மேலாளர் கையில் கொடுத்தார்.

மேலாளரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். மனைவி நிமிர்ந்த முதுகோடு வெளியே வந்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மேலாளர் கயிற்றைத் திரும்ப மாட்டப் பார்த்தபோது, அவளுக்கு வழிவிடக் கோட்டுக்காரர் நகர்த்தி வைத்திருந்த கம்பம் எட்டவில்லை. கம்பத்தைப் பக்கத்தில் இழுக்கக் கயிற்றை விட வேண்டும். கயிற்றை விட்டால் விரிவாக்கம் திறந்துவிடும். அதற்குள் இரும்புக் கை நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போர்வையும் துண்டுமாக எழுந்து வரத் தொடங்கியிருந்தார்கள். மேலாளர் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தாமே ஒரு கம்பமாக நின்றுவிட்டார்.

விமானம் ஏறும் வாசலில் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது மனைவி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்த மனுஷனைப் பாருங்க. பாவம், கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் அப்படியே நிப்பாரு? உட்காரச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"எங்கேம்மா உட்காருவார்?" என்றார் கண்டக்டர். "அங்கே உட்காரணும்னா கார்டு வேணும்."